மாம்பழச் சேலை பார்த்த இடங்கள்

திருகோணமலையில் பார்க்க என்ன இருக்கிறது என்று வெளியூரார் கேட்டால் நம் வயதுக்காரர் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வோம். கோணேசர் கோயில், கோட்டைக்குள் திரியும் மான்கள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அதற்கு மேலும் கேட்டால், கடல் இருக்கிறதே என்போம்.

போன ஆவணியில் வெளிநாட்டிலிருந்து வந்த என் தம்பியின் மகன் இந்தப் பதிலை ஏற்கவில்லை. "அது எல்லாரும் பார்க்கிறதுதானே மாமி. ஆக்கள் கனக்கப் போகாத இடம் சொல்லுங்கோ" என்றான். நான் யோசிக்காமல் அடுத்தடுத்துச் சொன்னேன். கன்னியாவையும் சேர்த்தேன், ஆனால் புதன்கிழமை போகச் சொன்னேன். அவன் கைபேசியை விட்டுத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தான். சந்தைக்கும் கோயிலுக்கும் தவிர வீட்டை விட்டு இறங்காதவள், ஆட்கள் வந்தால் குசினிக்குள் போய்விடுகிறவள், இவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று நினைத்திருப்பான்.

நான் சுற்றுலா போய் அறிந்த இடங்கள் அல்ல அவை. என் ஒன்பதாவது வயதில், ஒரே வருடத்தில், சின்னம்மாவை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவதற்காகப் போன இடங்கள். பாணுக்கு விடியற்காலையில் பேக்கரி வாசலில் வரிசையில் நின்றோமே, அந்த வருடங்களில் ஒன்று.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்குக் கொழும்பில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். அதனால் வீட்டு விஷயங்களை அம்மாவின் அண்ணன், என் மாமா, பார்த்துக்கொண்டார். சின்னம்மாவுக்கு அப்போது முப்பது தாண்டியிருந்தது. நல்ல உயரம், கறுப்பு, சாதகத்தில் செவ்வாய். மூன்றையும் பொருத்திப் பார்த்து மாப்பிள்ளை கொண்டுவருவது தரகர் ஐயாவின் வேலை. பழைய குடையும் கக்கத்தில் சாதகக் கட்டுமாக வரும் மெலிந்த மனிதர் அவர்.

அந்த நாளில் நம் பக்கத்தில் பெண் பார்ப்பது பெரும்பாலும் கோயிலில் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டு வேண்டாம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம். கோயில் என்றால் கும்பிட வந்தோம், தற்செயலாகக் கண்டோம். பிடிக்காவிட்டால் கண்டதும் இல்லை, பார்த்ததும் இல்லை.

சின்னம்மாவைக் கோயிலில் மூன்று முறை காட்டினார்கள். மூன்று முறையும் சரிவரவில்லை. அது கூடப் பரவாயில்லை. சின்னம்மாவிடம் ஒரேயொரு பட்டுச் சேலைதான் இருந்தது. பழுத்த மாம்பழத்தின் நிறம், பச்சைக் கரை. அதைக் கட்டினால் கோயிலடியில் எல்லாருக்கும் விஷயம் விளங்கிவிடும். மூன்றாம் முறை பூ விற்கிற மனுசி பூவைச் சுற்றிக் கொடுத்துக்கொண்டே, "இண்டைக்கு ஆர் பிள்ளை வருகினம்? எந்த ஊர்?" என்று கேட்டுவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னம்மா சேலையை மடித்து அலுமாரியில் வைத்தார். "இனிக் கோயிலுக்கு நான் கும்பிடத்தான் போவன்" என்றார்.

அப்போதுதான் மாமாவுக்கு அந்த யோசனை வந்தது.

மாமா துறைமுகத்தில் ஒரு களஞ்சியக் கந்தோரில் வேலை செய்தார். வேலை அது, ஆசை வேறு. ஊருக்கு யார் புதிதாக வந்தாலும் கூட்டிக்கொண்டு போய் இடம் காட்டுவார். கப்பலில் வந்தவன், கடைக்குச் சாமான் கொண்டுவந்த லொறிக்காரன், யாரானாலும் சரி. பீரங்கி எந்தப் பக்கம் பார்த்து நின்றது, எந்தத் தீவில் முந்தி வெடிமருந்து வைத்திருந்தார்கள் என்றெல்லாம் விளக்குவார். கேட்பவன் களைத்துப் போனாலும் விடமாட்டார்.

"ஊர்ச் சனம் போகாத இடமாப் பார்த்து நான் ஒழுங்கு பண்ணுறன்" என்றார் அம்மாவிடம். "குடும்பமா இடம் பார்க்கப் போறம். அவையளும் இடம் பார்க்க வருகினம். ஆர் என்ன கதைக்கிறது?"

"திடீரெண்டு இடம் பார்க்க வெளிக்கிட்டால் கதைக்க மாட்டினமோ அண்ணா?"

"பிள்ளை இருக்கிறாளே. பிள்ளைக்கு இடம் காட்டப் போறம் எண்டு சொல்லு."

அந்தப் பிள்ளை நான். கழுத்தில் தண்ணீர்ப் போத்தலை மாட்டி, தொப்பி ஒன்றும் போட்டுவிடுவார்கள். வாய் திறக்கக் கூடாது என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வருகைக்குப் பெயர் கூப்பிட்டால்கூட எழுந்து நிற்பேனே தவிர, குரல் வராது.

முதல் இடம் கன்னியா. அது எல்லாரும் போகிற இடம்தானே என்றார் அம்மா. "ஞாயிற்றுக்கிழமை சனம். புதன்கிழமை காகமும் இராது" என்றார் மாமா. மாப்பிள்ளை யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட வாத்தியார். தாயோடும் தாய்மாமனோடும் வந்தார். நாங்கள் வாடகைக் காரில் போய் இறங்கினோம்.

காகம் இருந்தது. நிறையவே இருந்தது. அன்றைக்கு யாரோ வீட்டார் முப்பத்தோராம் நாள் கடன் கழிக்க வந்திருந்தார்கள். தலை மழித்த ஆண்கள், ஐயர், எள், பிண்டம், அழுதுகொண்டிருந்த ஒரு பெண். கன்னியாவில் அந்தக் கடன் கழிப்பது நம் ஊரில் பாலகருக்கும் தெரியும். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் கிழமையைத்தான் பார்த்தார். செத்தவருக்குக் கிழமை கிடையாது.

மாப்பிள்ளையின் தாய் வைத்த காலை எடுக்காமல் நின்றுவிட்டார். மாமா நிலைமையைச் சரிசெய்யப் பார்த்தார். "இது சாதாரண இடமில்லை அம்மா. இராவணன் தன்ரை தாய் செத்த நேரம் கடன் கழிக்கிறதுக்காக உண்டான கிணறுகள்" என்று தொடங்கி, தாய்க்கு மகன் செய்த கடமையை விளக்கமாகச் சொன்னார். அந்தத் தாய் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குத் திரும்பிப் போனார். தாய்மாமன் மட்டும் எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பெரியவர்கள் மரத்தடியில் நின்று ஆளையாள் குறை சொன்ன நேரத்தில், சின்னம்மா என்னைக் கூட்டிப்போய் ஏழு கிணற்றிலும் கையை வைக்கச் செய்தார். ஒன்று பச்சைத்தண்ணீர் மாதிரி. ஒன்று பால் காய்ச்சி ஆறவிட்ட சூடு. ஒன்றில் கை வைத்ததும் எடுத்துவிட்டேன். பட்டுச் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு சின்னம்மா ஒரு வாளி மொண்டு என் காலில் ஊற்றினார். அன்றிரவு பள்ளிக்கூடக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'நான் பார்த்த இடங்கள்' என்று எழுதி, கன்னியாவைப் பற்றி ஆறு வரி எழுதினேன். அதுவரை எனக்கு எழுதுவதற்கு ஒன்றும் இருந்ததில்லை.

இரண்டாவது மாப்பிள்ளை ஓவசியர். வீதி, பாலம் பார்க்கிற உத்தியோகம். "ஓவசியருக்கு இரும்பு காட்டுவம்" என்று மாமா முடிவெடுத்தார். சீனன்குடாக் காட்டுக்குள், வெள்ளைக்காரன் சண்டைக்காலத்துக்கு என்று கட்டிவிட்டுப் போன எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன அல்லவா, அங்கே. காவலாளி ஒருவர் மாமாவின் கூட்டாளி. வெறுமையாகக் கிடந்த ஒரு தாங்கியின் பக்கத்தில் ஆள் குனிந்து போகிற அளவு துவாரம் இருந்தது. எல்லாரும் உள்ளே போனோம்.

கோயில் மண்டபத்தைவிடப் பெரியது. இருட்டு. கூரைத் தகட்டில் துரு தின்ற ஓட்டைகள் வழியே வெயில் ஊசி ஊசியாக இறங்கியது. பழைய எண்ணெய் மணம், சூடு. ஓவசியர் சுவரைக் குடைப்பிடியால் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடந்தார். சின்னம்மாவின் பக்கம் திரும்பவே இல்லை. மாமா அவருக்குப் பின்னால் தகட்டின் தடிப்பைச் சொல்லிக்கொண்டே போனார்.

ஓவசியரின் தாய் கூட வந்த தன் மகளின் காதுக்குள், மெல்லத்தான், சொன்னார்: "நெட்டையும் கறுப்பும்."

தாங்கி அதைக் காதுக்குள் வைத்திருக்கவில்லை. "கறுப்பும்... கறுப்பும்..." என்று சுவரைச் சுற்றி ஓடி, கூரைக்குப் போய், இறங்கி வந்தது. முழுதாய் அடங்குமுன் சின்னம்மா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து முடியாமல் வெடித்த சிரிப்பு. அதையும் தாங்கி எடுத்துக்கொண்டது. பத்துச் சின்னம்மாக்கள் எங்களைச் சுற்றி நின்று சிரித்தார்கள்.

திரும்பும்போது காரில் யாரும் கதைக்கவில்லை. கடைசியில் மாமா, "தாங்கி அவருக்குப் பிடிச்சுத்தான் இருந்தது" என்றார்.

இப்போது நினைக்கும்போது மாமாவின் பிழை எனக்கு விளங்குகிறது. அவர் எப்போதும் இடத்தைக் காட்டினார். பெண்ணைக் காட்ட மறந்துவிடுவார். இதை அம்மாவும் கவனிக்கவில்லை. யாரைப் பிடித்தது என்று சின்னம்மாவிடம் கேட்டவரும் இல்லை.

என் பிழை வேறு. கொப்பியில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. ஓவசியர் வீட்டாரின் பதிலுக்கு வீடே காத்திருந்த நாட்களில், வேண்டாம் என்று சொல்லவேண்டும் என்று நான் பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம் போட்டேன். வேண்டாம் என்றால்தானே அடுத்த இடம். நான் பார்க்க ஆசைப்பட்ட இடம் ஒன்று இருந்தது. மாலையில் சின்னம்மாவோடு கோட்டைக்குத் தெற்கே கடற்கரையில் இருந்தால், இருட்டத் தொடங்கும் நேரம், விரிகுடாவுக்கு அப்பால் மூதூர்ப் பக்கத்து முனையில் வெளிச்சவீடு கண் சிமிட்டும். யாரோ என்னை மட்டும் கூப்பிடுவது போல இருக்கும். கொப்பியில் ஒரு பக்கத்தில் 'வெளிச்சவீடு' என்று தலைப்பை முன்கூட்டியே எழுதி, கோடும் அடித்து வைத்திருந்தேன்.

ஓவசியர் வீட்டாரும் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்றாவது இடம் நிலாவெளி உப்பளம். கன்னியாவில் பட்டதற்குப் பரிகாரமாக மங்களமான இடம் வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். "புதுவீட்டுக்கு முதலில கொண்டு போறது என்ன? உப்பு. அப்ப உப்பளத்தைவிட மங்களம் எங்க இருக்கு?" என்றார் மாமா. அவர் சொன்னதில் சரியாக வந்தது அது ஒன்றுதான்.

மீன்பிடி ஊரான சல்லிக்குத் திரும்பும் சந்தியைக் கார் தாண்டும்போது கருவாட்டு மணம் உள்ளே வந்தது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டே மாமா பகிடியாகச் சொன்னார்: "இதுவும் சரிவராட்டில் அடுத்தது வெளிச்சவீடுதான். அதுக்குப் பிறகு காட்ட ஊரில இடமில்லை."

"வெளிக்கிடுற நேரத்தில வாய் வையாதேங்கோ அண்ணா" என்று அம்மா ஏசினார். பின் ஆசனத்தில் இருந்த எனக்கு 'அடுத்தது வெளிச்சவீடு' என்பது மட்டும்தான் கேட்டது.

அந்த மாப்பிள்ளை மட்டக்களப்புப் பக்கம். ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். தாய் தகப்பன் இல்லை. அவரை வளர்த்த அக்கா ஒருவர்தான் கூட வந்தார். அக்காவின் சொல்தான் அங்கே முடிவு என்று தரகர் ஐயா முதலே சொல்லியிருந்தார். இன்னொன்றும் சொல்லியிருந்தார்கள், எங்கள் பக்கத்திலிருந்து. பெண்ணை இதுவரை யாரும் வந்து பார்த்ததில்லை, இதுதான் முதல் தரம் என்று.

உப்பு வாருகிற காலம். வரம்புகளில் உப்பு வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. கண் கூசியது. மாமா உப்பு விளைகிற விதத்தைத் தொடங்கினார். மாப்பிள்ளை கேட்டுக்கொண்டு நின்றவர், நடுவில், "ஐயா, குடையை ஒருக்காத் தாறீங்களோ?" என்றார். மாமா கொடுத்தார். அவர் அதை விரித்துச் சின்னம்மாவிடம் நீட்டினார்.

"கால் சுடேல்லையோ உங்களுக்கு?"

"சுடுது" என்றார் சின்னம்மா. "சேலையில உப்புப் படக் கூடாதெண்டு அசையாமல் நிக்கிறன்."

அவர் சிரித்தார். சின்னம்மாவும் சிரித்தார். இரண்டு பேரும் வரம்பில் நடந்து போனார்கள். மாமா தொடர்ந்து போகப் பார்க்க, அம்மா அவரின் சேட்டு நுனியைப் பிடித்து நிறுத்தினார். திரும்பி வரும்போது சின்னம்மாவின் கையில் புளியங்கொட்டை நிறத்து மண் ஒட்டிய பெரிய உப்புக் கல் ஒன்று இருந்தது. மாப்பிள்ளை எடுத்துக் கொடுத்தது.

அந்த நேரம் நானும் மாப்பிள்ளையின் அக்காவும் ஓலைக் கொட்டிலின் நிழலில் இருந்தோம். அவர் எனக்குத் தோடம்பழம் உரித்துத் தந்தார். நல்ல மனுசி. சும்மா கதை கொடுத்தார்.

"சின்னம்மாவோட இப்படி வெளியில வாறது உங்களுக்கு விருப்பமோ?"

எதற்கும் தலையாட்டுகிற நான், வாய் திறந்தேன்.

"ஓம். கன்னியாவுக்குப் போனனாங்கள். எண்ணெய்த் தாங்கிக்குள்ள போனனாங்கள். அதுக்கு முதல் கோயிலுக்கு மூண்டு தரம்."

"ஆரோட போனீங்கள்?"

"மாப்பிள்ளையளோட."

தெரியாமல் சொன்னேன் என்று எழுத எனக்கு ஆசைதான். ஒன்பது வயதுப் பிள்ளை என்று நீங்களும் விட்டுவிடுவீர்கள். ஆனால் எனக்குத் தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்று தெரிந்துதான், வரம்பில் குடை வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அந்த அக்கா மிச்சத் தோடம்பழத்தை என் கையில் வைத்துவிட்டுத் தன் கையைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது காரில் ஒரே கதை. அம்மா கூறைச்சேலைக்கு நிறம் தெரிவு செய்தார். மாமா மட்டக்களப்பில் பார்க்க வேண்டிய இடங்களை எண்ணினார். சின்னம்மா கைலேஞ்சியில் உப்புக் கல்லை முடிந்து மடியில் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை அலுமாரியில் மேல்தட்டில் வைத்ததை நான் கண்டேன். அதற்குக் கீழ்த்தட்டுத்தான் மாம்பழச் சேலையின் இடம்.

பத்து நாள் கழித்துத் தரகர் ஐயா வந்தார். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே, "அவையள் வேறை இடம் பார்க்கினமாம்" என்றார்.

"ஏன்?"

"முந்திப் பார்த்துப் போன ஆக்களின்ரை கதை தெரிஞ்சு போச்சு. அதை மறைச்சதுதான் அந்த அக்காவுக்குப் பிடிக்கேல்லை. மறைச்சதெண்டால் இன்னும் ஏதோ இருக்கு எண்டு நினைக்கிறா."

மாமாவின் முகம் மாறியது. அதுவரை 'ஐயா' என்றும் 'நீங்கள்' என்றும் கதைத்தவர், "நீர்தான் வாயைக் குடுத்திருக்கிறீர்" என்றார். "உமக்கு மட்டும்தானே எல்லாம் தெரியும். இனி இந்தப் படி ஏற வேண்டாம்."

தரகர் ஐயா கதவுத் திரைச்சேலைக்குப் பின்னால் நின்ற என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார். அவர் தற்செயலாகப் பார்த்தார் என்றுதான் நான் நினைத்தேன்.

அதற்குப் பிறகு எந்தத் தரகரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. தரகர்கள் ஆளையாள் போட்டியாக இருந்தாலும் ஒருவரை அவமானப்படுத்தினால் மற்றவர்களும் வரமாட்டார்கள். மாமா ஊர் காட்டுவதை விட்டுவிட்டார். வெளிச்சவீட்டுக்குப் போவது பற்றி யாரும் பேசவில்லை. நான் சில கிழமை காத்திருந்தேன். பிறகு விளங்கிவிட்டது. கொப்பியில் அந்தப் பக்கம் தலைப்போடு அப்படியே கிடந்தது.

கார்த்திகையில் மாரி தொடங்கியது. நம் ஊர் மாரி தெரியும்தானே. சுவரில் கை வைத்தால் ஈரம், தீப்பெட்டி பற்றாது, வெல்லப் போத்தல் கசியும். ஒருநாள் அம்மா அலுமாரியைத் திறந்தவர் "ஐயோ" என்றார். மேல்தட்டில் கைலேஞ்சி மட்டும் நனைந்து கிடந்தது. உப்புக் கல் கரைந்து, பலகையின் வெடிப்பால் வழிந்து, கீழே பட்டுச் சேலையில் வட்ட வட்டமாக இறங்கியிருந்தது.

"உப்பை ஆரடி இதுக்குள்ள வைச்சது?"

"நான்தான்" என்றார் சின்னம்மா.

"பைத்தியமோ உனக்கு? ஏன்?"

சின்னம்மா சேலையை எடுத்து விரித்துப் பார்த்தார். தண்ணீரில் அலசிக் காயப்போட்டார். கறை போகவில்லை. இரண்டு நாள் கழித்துத் தையல் மெசினுக்கு முன்னால் இருந்து, கத்தரிக்கோலை எடுத்து, சேலையைக் கறைபடாத பக்கமாகப் பார்த்து வெட்டினார். பொங்கலுக்கு எனக்கு மாம்பழ நிறத்தில் பாவாடை சட்டை கிடைத்தது. எவ்வளவு பார்த்து வெட்டியும் பாவாடையின் கீழ்க்கரையில் ஒரு வட்டம் தப்பி வந்திருந்தது.

மாசியில், கடல் அமைதியான பிறகு, ஒரு சனிக்கிழமை விடியச் சின்னம்மா என்னை எழுப்பினார். "பாவாடையைப் போட்டுக்கொண்டு வா. மூதூருக்குப் போறம்." தான் சாதாரண வோயில் சேலை கட்டியிருந்தார்.

விரிகுடாவைக் கடக்கும் லோஞ்சில் மூதூர், தோப்பூர் ஆட்கள். மீன், மரக்கறி விற்றுவிட்டுத் திரும்புகிறவர்கள், கடைக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள். நாங்கள் சீனி மூட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தோம். துறைமுக வாயைத் தாண்டி லோஞ் ஆடத் தொடங்கியதும் சின்னம்மா கேட்டார்:

"உப்பளத்தில அந்த அக்காவிட்ட என்ன சொன்னனீ?"

கோபம் இல்லை. கடையில் என்ன வாங்கினாய் என்று கேட்பது போலத்தான் கேட்டார்.

"ஆர் சொன்னது?" என்றேன்.

"தரகர் ஐயா. கோயிலடியில கண்டு நான் விடாமக் கேட்டனான். பிள்ளை சொல்லித்தான் தெரியும் எண்டு அவையள் சொன்னவையாம்."

"மாமாவிட்ட அவர் சொல்லேல்லையே."

"சொல்லேல்லை. பேச்சை வாங்கிக்கொண்டு போனவர்." காற்றில் எழும்பிய என் பாவாடையை அமர்த்திவிட்டார். "ஏன் சொன்னனீ?"

"அடுத்தது வெளிச்சவீடு எண்டு மாமா சொன்னவர்."

சின்னம்மா என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எண்ணெய்த் தாங்கிக்குள் கேட்ட அதே சிரிப்பு. இங்கே அதைத் திருப்பித் தரச் சுவர் இல்லை, அது கடலோடு போய்விட்டது. சிரித்து முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தார். அதிக நேரம் துடைத்தார்.

சீனி மூட்டைக்குச் சொந்தக்காரரான மூதூர் முதலாளி திரும்பிப் பார்த்தார். "என்ன பிள்ளையள், எங்களுக்கும் சொன்னால் நாங்களும் சிரிப்பம்."

"மாப்பிள்ளை பார்க்கப் போறம் முதலாளி."

"ஆருக்கு?"

"இவளுக்கு. கல்லுப் போல மாப்பிள்ளை. நல்ல உயரம். கடலைப் பார்த்த வீடு."

"அப்படியெண்டால் விடாதைங்கோ" என்றார் முதலாளி.

மூதூரிலிருந்து சம்பூர்வரை பஸ். அங்கிருந்து விறகுக்குப் போன மாட்டு வண்டியில் பாதித்தூரம். மிச்சம் மணலில் நடை. கிட்டப்போனால் வெளிச்சவீடு நான் நினைத்ததைவிடப் பெரிதாகவும், பகலில் என்பதால் சும்மாவும் நின்றது. காவலாளி, ஆம்பிளைகள் யாரும் வரவில்லையா என்று கேட்டார். "இல்லை, நாங்கள் ரெண்டு பேரும்தான் பார்க்க வந்தனாங்கள்" என்றார் சின்னம்மா. காவலாளி திறப்பை எடுத்து வந்து கதவைத் திறந்தார்.

உள்ளே படி சுற்றிச் சுற்றிப் போனது. எண்ணிக்கொண்டே ஏறினேன், மூச்சு வாங்கி இடையில் விட்டுவிட்டேன். மண்ணெண்ணெயும் வெளவாலும் சேர்ந்த மணம். மேலே வெளியே வந்ததும் காற்று பாவாடையை அடித்தது. ஒரு பக்கம் முடிவில்லாத கடல். மறுபக்கம் விரிகுடா, அதற்கப்பால் கோணேசர் மலை விரல் அளவில், அதன் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஒரு கோடாக.

சின்னம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"என்ன, பிடிச்சிருக்கோ?"

நான் எங்கள் கடற்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம் எண்டால் ஓம், இல்லை எண்டால் இல்லை. பத்து நாள் காக்க வைக்காதை."

ஓம் என்றேன். அழுதுகொண்டு சொன்னேன் என்று நினைக்கிறேன். அங்கே காற்று பலம், கண்ணில் நீர் எப்படியும் வந்திருக்கும்.

இறங்கும்போது சின்னம்மா ஒன்று மட்டும் சொன்னார். "அண்ணாவிட்ட நான் சொல்ல மாட்டன். தரகர் ஐயாவிட்ட நீ போகவேணும். நான் கூட வரமாட்டன்."

அடுத்த நாள் அதே பாவாடையோடு போனேன். தரகர் ஐயா முற்றத்தில் பாயை விரித்து, மாரியில் ஈரம் பிடித்த சாதகங்களை வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார். காற்றில் பறக்காமல் ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்னக் கல். வேலிப் படலையில் நின்ற என்னைக் கண்டார். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

அவர் என் பாவாடையைப் பார்த்தார். அந்தச் சேலையை அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? முதல் நாள் பயணக் கதையும் லோஞ்சுக்காரர் வழியாக அவருக்கு எட்டியிருந்தது.

"இது வெளிச்சவீட்டையும் பார்த்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"அங்கேயிருந்து என்ன தெரிஞ்சது?"

"எங்கட ஊர்."

"அதுக்கோ பிள்ளை இவ்வளவு தூரம் போனனீ" என்றார். பிறகு, "அந்த மூலைக் கல்லை ஒருக்கா நேரா வை" என்றார். வைத்தேன். மன்னிப்பு என்று நான் கேட்டதும் அவர் கொடுத்ததும் அவ்வளவுதான்.

மாமாவுக்குக் கடைசிவரை தெரியாது. தரகர் ஐயா சாகும்வரை அவர்கள் இரண்டு பேரும் வீதியில் கண்டால் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஒரு சொல் நான் சொல்லியிருந்தால் அது தீர்ந்திருக்கும். சொல்லவில்லை. என் கூச்சம் என்று ஊர் நினைத்தது. கூச்சத்துக்குள் பயமும் வசதியாக ஒளிந்துகொள்ளும் என்று நான் கண்டுகொண்டேன்.

சின்னம்மா கலியாணம் செய்யவில்லை. எங்கள் முன்னறையில் தையல் பழக்கினார். ஊரில் பாதிப் பெண்பிள்ளைகள் அவரிடம் வெட்டப் பழகியவர்கள். பிறகு வந்த யுத்த வருடங்களில் வெளிச்சவீட்டுப் பக்கம் நெடுங்காலம் யாரும் போக ஏலாமல் இருந்தது. கொப்பி எங்கே போனதென்று தெரியாது. பாவாடையும் அப்படித்தான். இப்போது சின்னம்மா என்னோடு இருக்கிறார். கண் பார்வை குறைவு, காது நல்ல கூர்மை.

தம்பியின் மகனுக்கு நான் எழுதிய தாளை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கன்னியா: சனமில்லாத புதன்கிழமை போகவும், ஏழிலும் கை வைத்துப் பார்க்கவும். எண்ணெய்த் தாங்கிகள்: இப்போது அனுமதி வேண்டும், விசாரித்துப் போகவும். வெளிச்சவீடு: மூதூரிலிருந்து சம்பூர் வழி, தண்ணீர் கொண்டு போகவும். உப்பளம்: ஆவணிக்குள் போகவும், குடை வேண்டும்.

"தாங்கிக்குள்ள மெல்லக் கதைக்க வேண்டாம் எண்டு எழுது" என்றார். எழுதினேன்.

"உப்பளத்தில இன்னும் ஒண்டு எழுது."

"என்ன சின்னம்மா?"

"பார்த்திட்டு வரச் சொல்லு. கல்லு எடுத்துக்கொண்டு வர வேண்டாம். மாரிக்கு நிக்காது."